நரைக்குக் கறுப்பு, உதட்டுக்குச் சிவப்பு

ஊருக்கு ஒன்றிரண்டேனும் தவறாமல் இருக்கிற பேன்சி ஸ்டோர்களில், வளையல் அடுக்குகளுக்கு மேலே சரம் சரமாகத் தொங்குகின்ற ஹேர் டை பொட்டலங்களும், கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக நிற்கின்ற லிப்ஸ்டிக் குழல்களும், சாமானியர் கைக்கு எட்டும் விலையில் உடம்பின் நிறத்தைச் சற்றே மாற்றித் தருவதைத் தவிர வேறு எதையும் வாக்களிக்காத பொருள்கள் என்ற முறையில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். ஆயினும் அவற்றை வாங்க வருகிறவர்களுடைய குரலைக் கவனித்தால், இந்த உறவை நம் ஜனங்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்பது விளங்கும். டை கேட்கிறவர், சவர பிளேடும் சோப்பும் கேட்கிற அதே குரலில், கம்பெனியின் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்; பக்கத்தில் நிற்பவர் யார் என்று திரும்பிப் பார்ப்பதில்லை. லிப்ஸ்டிக் வாங்க வந்த பெண்ணோ முதலில் ஊக்கு கேட்கிறாள், பிறகு ஸ்டிக்கர் பொட்டு கேட்கிறாள், கடையில் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை என்று நிச்சயமான பிறகுதான் கண்ணாடியின் மேல் விரலை வைத்து, "அந்த மெரூன் எவ்வளவு அண்ணா?" என்று விசாரிக்கிறாள். பெருநகரங்களில் இந்தத் தயக்கம் பெரிதும் மறைந்துவிட்டது என்பதை அறிவேன். நான் பேசுவது கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை போன்ற ஊர்களின் கடைத்தெருக்களைப் பற்றி. அங்கே இத்தனை ஆண்டுகளாகப் பார்த்ததிலிருந்து என் மனத்தில் ஊன்றிப்போன அபிப்பிராயம் ஒன்று உண்டு: நம் சமூகம் மறைக்கின்ற வண்ணத்தை மன்னிக்கிறது, காட்டுகின்ற வண்ணத்தைச் சந்தேகிக்கிறது.

டை என்பது, வண்ணம் என்று பிறருக்குத் தெரியாமல் இருந்தால்தான் வெற்றி பெறுகின்ற வண்ணம். அதைப் பூசியவரைப் பார்த்து ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் போவதே அதற்குக் கிடைக்கக்கூடிய உயர்ந்த பாராட்டு. அமெரிக்காவில் கிளேரால் என்னும் நிறுவனம், வீட்டிலேயே ஒரே தடவையில் பூசி முடிக்கத்தக்க தலைச்சாயத்தை 1956இல் விற்க முற்பட்டபோது, அதற்கு விளம்பரம் எழுதிய ஷர்லி பாலிகாஃப் என்னும் பெண்மணி, இவள் பூசியிருக்கிறாளா இல்லையா என்று பிறர் ஊகிக்க முடியாமையையே அந்தச் சரக்கின் தலையாய குணமாக நிறுத்தி வெற்றி கண்டார். உதட்டுச் சாயத்துக்கு இத்தகைய ஒளிவிடம் கிடையாது. அது தன்னை வண்ணம் என்று சொல்லிக்கொண்டே வருகிறது. பூசியவளுக்கு அதில் விருப்பம் இருந்தது என்பதையும் கூடவே சொல்லிவிடுகிறது. அந்த இரண்டாவது செய்திதான் நம் ஊர்களில் பொறுத்துக்கொள்ளப்படுவதில்லை. வயதை மறைத்தவரை ஒருவரும் பொய்யர் என்பதில்லை. தனக்குச் சிவப்புப் பிடிக்கும் என்று உண்மையைச் சொன்ன பெண்ணுக்குத்தான் விளக்கம் சொல்லவேண்டிய பொறுப்பு வந்து சேர்கிறது.

நரையைப் பற்றி நம் முன்னோர் வெட்கப்பட்டதாக இலக்கியத்தில் நான் அதிகம் காணவில்லை. வயது பல ஆகியும் தலை நரைக்காதது எப்படி என்று கேட்டவர்களுக்குப் பிசிராந்தையார் சொன்ன மறுமொழி புறநானூற்றில் இருக்கிறது. நல்ல மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், மனம் அறிந்து நடக்கும் ஏவலாளர், தீமை செய்யாத அரசன், சான்றோர் வாழும் ஊர் என்று தமக்கு வாய்த்தவற்றையெல்லாம் அவர் காரணமாக அடுக்குகிறார். நரை அவருக்கு வயதின் கணக்கு மாத்திரம் அன்று, ஒருவன் எந்த ஊரில் எவரோடு வாழ்ந்தான் என்பதன் கணக்கும் ஆகும். வழக்கோடு வந்த முதியவர்கள் அரசன் இளைஞனாயிற்றே என்று தயங்கியதை அறிந்த கரிகாலன், நரைமுடி தரித்து வந்து நீதி வழங்கினான் என்பது பழமொழி நானூற்றின் வழியே நமக்குத் தெரிய வருகிற செய்தி. அன்றைக்கு வேஷம் வெண்மையை நோக்கிப் போடப்பட்டிருக்கிறது. தசரதனுடைய காதோரத்தில் தோன்றிய நரை, பட்டத்தை ராமனுக்குக் கொடு என்று அவன் செவியில் ஓதியதாகக் காளிதாசனும் கம்பனும் கற்பனை செய்தார்கள்.

அரசனுக்குத் துறவைப் போதித்த நரை, மாதச் சம்பளத்துக்கு ஆள் எடுக்கும் இடத்தில் போதிப்பது வேறு. எங்கள் தெருக்கோடியில் குடியிருக்கும் ஒருவர், நெல் அறவை ஆலை ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்து, ஆலை மூடிய பிறகு செக்யூரிட்டி வேலைக்கு அலைந்தவர். அவர் தலைக்கும் மீசைக்கும் டை அடிக்கத் தொடங்கிய காரணத்தை என்னிடம் ஒருநாள் சொன்னார்: "நரைச்ச தலையோட போனா, பெரியவரே ராத்திரி முழிச்சிருக்க முடியுமாங்கிறான்மா. டை அடிச்சிட்டுப் போனா அந்தக் கேள்வியே வரல. அதே கண்ணுதான், அதே தூக்கந்தான்." வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள், ஜவுளிக்கடையில் பகல் முழுவதும் நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டுகிற பெண்கள், கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர்கள் எல்லோரையும் இதே கேள்வி வெவ்வேறு சொற்களில் எதிர்கொள்கிறது. அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமைச் சாயத்தை அலங்காரம் என்றோ வீண் ஆசை என்றோ பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அது ஜீவனோபாயத்தின் ஒரு கருவி. சைக்கிளும் செருப்பும் எப்படியோ அப்படி. பத்து இருபது ரூபாய்க்குப் பொட்டலமாக அது கிடைக்கிறது என்பது அவர்களுக்குப் பெரிய உபகாரம். கடலூரில் சின்னிக்கிருஷ்ணனும் பிறகு அவருடைய புதல்வர்களும் ஷாம்புவைச் சிறு உறைகளில் அடைத்து விற்கக் கற்றுக்கொடுத்த அந்த முறை, முழுப் புட்டி வாங்க முடியாதவருடைய வீட்டுக்குள் எத்தனையோ பொருள்களைக் கொண்டுவந்து சேர்த்தது. தலைச்சாயமும் அவற்றுள் ஒன்று.

வீட்டில் டை அடித்துக்கொள்வது தனியே செய்யும் காரியம் என்று தோன்றினாலும், உண்மையில் அதற்கு இன்னொருவருடைய கை தேவைப்படுகிறது. நெற்றியோரத்தையும் வகிட்டையும் கண்ணாடி பார்த்துத் தானே பூசிக்கொள்ளலாம். பின்னந்தலைக்கு மகளோ மருமகளோ அடுத்த வீட்டுப் பெண்ணோ வரவேண்டும். முற்றத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, தோளில் பழந்துணியைப் போர்த்தி, நெற்றி விளிம்பிலும் காதுமடலிலும் கறை படியாதிருக்கத் தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தடவி, கழித்துப்போட்ட பல்துலக்கும் பிரஷால் வகிடு வகிடாகப் பிரித்துப் பூசுகிற அந்த அரை மணி நேரத்தில் பேசப்படுகிற பேச்சு, வீட்டில் வேறு எந்த வேளையிலும் பேசப்படுவதில்லை என்பதை நான் கவனித்திருக்கிறேன். முகத்துக்கு நேராகச் சொல்லக் கூசுகின்ற விஷயங்களைத் தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிட முடிகிறது. என் மாமியார் தம் பிறந்த வீட்டுச் சொத்துத் தகராறு முழுவதையும் இப்படித்தான், தலையை என் கையில் கொடுத்துவிட்டு, பல மாதங்களில் தவணை தவணையாகச் சொல்லி முடித்தார்.

ஆனால் அந்தப் பொட்டலத்துக்குள் இருப்பது என்ன என்பதை நாம் அறிந்திருக்கவேண்டும். இந்தக் கறுப்பின் பூர்வீகம் நிலக்கரித் தார். மலேரியாவுக்கு மருந்தாகிய குவினைனைச் செயற்கையாகச் செய்ய முயன்றுகொண்டிருந்த வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயது இளைஞர், 1856இல் எதிர்பாராத ஓர் ஊதா நிறத்தைக் கண்டுபிடித்ததிலிருந்து, தாரிலிருந்து சாயம் எடுக்கும் தொழில் ஐரோப்பாவில் பெருகியது. அவருடைய ஆசிரியரான ஹாஃப்மன், பாரா ஃபீனைலின் டையமின் என்னும் பொருளை 1863இல் விவரித்தார்; சுருக்கமாகப் பி.பி.டி. என்கிறார்கள். முதலில் விலங்குகளின் உரோமத் தோலுக்குச் சாயம் ஏற்ற உதவிய அது, மனிதர் தலைக்கு வந்தது பின்னால்தான். பாரிஸில் யூஜின் ஷுலர் என்ற ரசாயன வல்லுநர் 1907இல் தலைச்சாயம் தயாரித்து முடிதிருத்துவோருக்கு விற்கத் தொடங்கி, 1909இல் நிறுவனம் ஒன்றை ஏற்படுத்தினார். இன்று லோரியால் என்று உலகம் முழுவதும் அறியப்படுவது அதுவே. அதற்கு அவர் முதலில் வைத்த பெயரிலேயே, எங்கள் சாயம் தலைமுடிக்குத் தீங்கற்றது என்ற உறுதிமொழி அடங்கியிருந்தது. ஜனங்களுக்கு அப்போதே இதில் பயம் இருந்தது என்பதற்கு அந்தப் பெயரைவிட வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

அந்தப் பி.பி.டி. வேலை செய்கிற விதம் ஆச்சரியமானது. அம்மோனியா போன்ற காரப்பொருள் முடியின் மேற்செதில்களைச் சற்று விரியச் செய்ய, நிறமில்லாத சிறிய மூலக்கூறுகள் முடியின் உட்பகுதிக்குள் நுழைகின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடு விடுவிக்கும் பிராணவாயு அங்கே அவற்றை ஒன்றோடொன்று இணைத்து, நிறமுள்ள பெரிய மூலக்கூறுகளாக ஆக்கிவிடுகிறது. வாய் குறுகிய சாடிக்குள் பிஞ்சாக இறக்கிய பூசணி உள்ளேயே பருத்துவிட்டதைப் போல், அவை வெளியே வர வழியின்றி நின்றுவிடுகின்றன. ஆகையினால்தான் எத்தனை முறை தலை குளித்தாலும் அந்தக் கறுப்பு போவதில்லை. பொடியை நீரில் குழைத்துப் பூசும் மலிவான வகைகளில் இதே காரியம், நீர் பட்டவுடன் பிராணவாயுவை விடுகின்ற ஒரு பொடியால் நடக்கிறது.

முடிக்கு நேர்கின்ற இதே வினை சிலருடைய தோலுக்கு விரோதமாக முடிகிறது. பூசிய சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தலை அரித்து, நீர் கசிந்து, நெற்றியும் கண்ணிமைகளும் வீங்கிப் பார்வையே மூடிப்போகிற அளவுக்கு ஒவ்வாமை எழக்கூடும். ஒரு முறை உடம்பு இந்தப் பொருளைப் பகையாகக் குறித்துக்கொண்டால் அது பெரும்பாலும் ஆயுள் பரியந்தம் மறப்பதில்லை. அடுத்த தடவை இன்னும் உக்கிரமாக எதிர்க்கிறது. பல ஆண்டு தொல்லையின்றிப் பூசி வந்தவருக்கும் திடீரென்று இது நேரலாம். வாய்வழியே உள்ளே போனாலோ தொண்டை வீங்கி மூச்சு அடைபடும், தசைகளும் சிறுநீரகமும் சிதையும். குழந்தைகள் உள்ள வீட்டில் பொட்டலத்தைச் சமையலறை அலமாரியில் வைக்கவே கூடாது. 1933இல் அமெரிக்காவில், இமைக்கும் புருவத்துக்கும் பூசும்படி விற்கப்பட்ட லாஷ் லூர் என்ற சாயத்தில் இருந்த இதே பொருளால் பெண்கள் கண்ணை இழந்தார்கள். நம் நாட்டுச் சட்டமும், முதலில் தோலில் பூசிச் சோதிக்கவேண்டும், இமைக்கும் புருவத்துக்கும் பூசினால் குருடாகலாம் என்ற எச்சரிக்கையை இத்தகைய சாயங்களின் உறையில் ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் அச்சிட வேண்டுமென்கிறது. இரண்டு விரல் அகலமுள்ள பொட்டலத்தில் அந்த வாசகம் எத்தனை பெரிய எழுத்தில் வரமுடியும்? வெள்ளெழுத்துக் கண்ணாடி அணிகிற வயதில்தான் நரைக்கிறது. அந்த வயதினருக்கு உரிய எச்சரிக்கை, இளங்கண்களுக்குக்கூட எட்டாத எழுத்தில் இருக்கிறது. மீசைக்குப் பூசிய மிச்சத்தை அப்படியே புருவத்துக்கும் இழுத்துவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் அந்த வரியைப் படித்திருக்க நியாயமில்லை.

காதின் பின்புறத்திலோ முழங்கை மடிப்பிலோ சிறு துளி தடவி, 48 மணி நேரம் பொறுத்துப் பார்த்த பின்பே தலைக்குப் பூசவேண்டும் என்பது விதி. எல்லோரும் அதை மீறுகிறார்கள் என்று வருத்தப்படுகிற வைத்தியர்கள், ஏன் மீறுகிறார்கள் என்பதையும் யோசிக்கவேண்டும். பொட்டலம் ஒரு தலைக்கு அளந்து அடைக்கப்பட்டது. பிரித்துக் குழைத்துவிட்டால் மிச்சத்தை வைத்துக்கொள்ள முடியாது. சோதனை செய்ய விரும்புகிறவர் இரண்டு பொட்டலம் வாங்கவேண்டும், வியாழனோ வெள்ளியோ நினைவாகத் தடவிக்கொள்ளவேண்டும். சனிக்கிழமை இரவு கூலி வாங்கி, ஞாயிறு காலை பூசி, திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவருடைய வாரத்தில் அந்த 48 மணி நேரம் எங்கே இருக்கிறது? சோதனைக்கென்று ஒரு சிட்டிகையைத் தனியே சிறு உறையிலிட்டு அதே பொட்டலத்தோடு ஒட்டிக் கொடுக்கலாம். எச்சரிக்கையைப் படிக்கும் அளவில் தமிழில் அச்சிட்ட ஒரு தாளைக் கடையில் தொங்கவிடலாம். ஐரோப்பாவில், தலையில் பூசும் கலவையில் பி.பி.டி. 2 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்று வரையறுத்திருக்கிறார்கள். மலிவு என்பது விலையில் இருக்கவேண்டிய குணம். சோதனையில் அந்த மலிவைக் காட்ட எந்த உற்பத்தியாளருக்கும் உரிமை கிடையாது.

ரசாயனம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மருதாணியும் அவுரியும் இருக்கின்றன. மருதாணி இலையில் உள்ள லாசோன் என்னும் பொருள் முடியின் புரதத்தோடு நேரே பிணைந்து செம்மஞ்சள் நிறம் தருகிறது. அதை அலசிவிட்டு, அதன் மேல் அவுரிப் பொடியைக் குழைத்துப் பூசினால் அவுரியின் நீலமும் மருதாணியின் செம்மையும் கலந்து கறுப்புக்கு வெகு அருகில் போகும். திண்டிவனம் பக்கத்தில் இன்றும் அவுரி பயிராகிறது. இரும்பு வாணலியில் தேயிலைக் கஷாயம் விட்டு மருதாணிப் பொடியை இரவு முழுவதும் ஊறவைக்கிறார்களே, அதற்கும் காரணம் உண்டு: தேயிலைத் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கருமையாகிறது, கடுக்காயும் இரும்பும் சேர்த்து அந்தக் காலத்தில் எழுதும் மை செய்ததும் இதே வினையைக் கொண்டுதான். நெல்லிக்காயும் கரிசலாங்கண்ணியும் காய்ச்சிய எண்ணெய் முடிக்கு நல்லதாக இருக்கலாம். வெளுத்த முடியை அது கறுப்பாக்குவதை நான் கண்டதில்லை. பொட்டலத்தின் மேல் மூலிகை என்று பச்சை நிறத்தில் அச்சிட்டிருப்பதை மாத்திரம் நம்பி ஒருவரும் ஏமாறவேண்டாம். கறுப்பு மருதாணி என்று சொல்லிச் சில நிமிஷங்களில் கறுப்பாகப் பற்றும் சரக்கைப் பெரும்பாலும் அந்தப் பி.பி.டி.யைச் சேர்த்துத்தான் செய்கிறார்கள்.

இனி உதட்டுக்கு வருகிறேன். சிவந்த வாய் நமக்குப் புதிதன்று. வாத்ஸ்யாயனர் தம் நாகரிகனுடைய அன்றாட அலங்காரத்தில், அரக்குச் சாயத்தையும் தேன்மெழுகையும் உதட்டில் பூசிக்கொள்வதைச் சேர்த்திருக்கிறார். அவன் ஆண்மகன் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். சிலப்பதிகாரத்து மாதவி கடலாடப் புறப்படும்போது அவளுடைய பாதங்களுக்கு அந்தச் செங்குழம்பு ஊட்டப்படுகிறது. நம் வீடுகளிலோ, விருந்து முடிந்து வெற்றிலை போட்ட பெண்ணின் வாய் எவ்வளவு சிவந்தது என்று பார்த்து, அந்த அளவுக்குக் கணவனுடைய அன்பைக் கணக்கிடும் வழக்கம் இருந்தது. பாக்கின் துவர்ப்புப் பொருள் சுண்ணாம்பின் காரத்தில் சிவப்பாக மாறுவது இயற்கை வினை. அதைச் சௌபாக்கியத்தின் அடையாளமாகக் கொண்டாடினார்கள். பாக்கு புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட பிறகும், வெற்றிலை போட்ட வாயை எவரும் கெட்ட பெண்ணின் வாய் என்று சொன்னதில்லை. ஜீரணத்துக்காக, மங்கலத்துக்காக, கணவனுக்காக என்று ஒரு காரணம் கூட வந்தால் சிவப்பை ஏற்றுக்கொள்கிறோம். காரணமின்றித் தனக்காகவே வருகிற சிவப்புக்கு நம்மிடம் இடம் இல்லை. அரசாங்கத்தின் கணக்கும் இந்த மனப்போக்கை ஒட்டியே போகிறது. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது குங்குமத்துக்கும் பொட்டுக்கும் காலில் பூசும் செம்பஞ்சுக்கும் வரி விதிக்கவில்லை. உதட்டுச் சாயத்துக்கு 28 விழுக்காடு விதித்தார்கள், அந்த நவம்பரில் அது 18 ஆயிற்று. இன்றைய இளம்பெண்களும் இந்த நியாயத்தைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். முதலில் வாங்குவது சற்றே நிறம் கலந்த லிப் பாம். உதட்டு வெடிப்புக்கு என்று அம்மாவிடம் சொல்லிவிடலாம்.

லிப்ஸ்டிக்கின் உட்பொருளில் ரகசியம் அதிகம் இல்லை. தேன்மெழுகு, பிரேசில் நாட்டுப் பனையொன்றின் இலையிலிருந்து வரும் கர்னாபா மெழுகு, ஆமணக்கு எண்ணெய், இரும்பு ஆக்சைடு முதலிய நிறமிகள் ஆகியவை சேர்ந்ததுதான் அது. உலகத்தில் ஆமணக்கு எண்ணெயை மிக அதிகமாக உற்பத்தி செய்வது இந்தியா. ஆகவே ஆயிரக்கணக்கில் விலையுள்ள அயல்நாட்டுக் குழலிலும் நம் ஊர் எண்ணெய் இருக்கக்கூடும். சில சிவப்புகளில் சேரும் கார்மைன் என்பது சப்பாத்திக்கள்ளியில் வாழும் கோச்சினீல் பூச்சியிலிருந்து எடுப்பது. அந்தப் பூச்சியை இங்கே வளர்த்துச் சாயம் எடுக்கலாம் என்ற ஆசையில், ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கும்பினி வைத்தியர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். சுதந்திரத்துக்குப் பின் அழகுப் பொருள்களின் இறக்குமதியைக் குறைக்கும் நோக்கத்தோடு, டாடா எண்ணெய் ஆலையின் கிளையாக லாக்மே 1952இல் தோன்றியது. விலை உயர்ந்த குழலுக்கும் மலிவான குழலுக்கும் இடையே பெரும்பாலான வித்தியாசம் உறையிலும் பெயரிலும் நிறமியை அரைத்த நயத்திலும் இருக்கிறது. ஆகையால் மலிவு என்ற ஒரே காரணத்துக்காகப் பயப்பட வேண்டியதில்லை. உரிம எண்ணும் தயாரித்த தேதியும் இல்லாத போலிக்குத்தான் பயப்படவேண்டும்.

மலிவான லிப்ஸ்டிக்கின் மெய்யான உபகாரம், தவறான நிறத்தை வாங்கிப் பார்க்கும் சுதந்திரத்தை அது சாதாரணப் பெண்ணுக்கு அளித்ததுதான். இந்த விஷயத்தில் முயன்று பார்த்தல் இன்றியமையாதது. ஏனென்றால் அந்த நிறங்களில் பலவும் நம் உதடுகளை மனத்தில் வைத்துக் கலக்கப்பட்டவை அல்ல. நம்மில் அநேகருக்கு மேல் உதடு கறுத்தும், கீழ் உதடு நடுவில் வெளிர்ந்தும், ஓரத்தில் மறுபடி கறுத்தும் இருக்கும். ஒரே குழலை இரண்டுக்கும் பூசினால் இரண்டு நிறம் தெரியும். நியூட் என்று பெயரிட்டு விற்கின்ற வெளிர் பழுப்புகளில் வெண்ணிறமி மிகுதி. மாநிறத்தவர் உதட்டில் அவை சாம்பல் பூத்தாற்போல் நின்று, காய்ச்சலில் கிடந்தவர் முகத்தைத் தந்துவிடுகின்றன. குழலின் அடியில் ஒட்டியிருக்கும் நிறமும் உதட்டில் விழும் நிறமும் ஒன்றாவதே இல்லை. புறங்கையில் கோடு இழுத்துப் பார்ப்பதைவிட விரல் நுனியின் உட்புறத்தில் தேய்த்துப் பார்ப்பது நல்லது. அந்த இடத்தின் நிறம் உதட்டுக்குச் சற்று நெருக்கமானது. கடை விளக்கின் கீழ் முடிவு செய்யாமல், வாசல் வெளிச்சத்துக்கு வந்து பார்க்கவேண்டும். பலர் தொட்ட மாதிரிக் குழலை உதட்டில் வைக்கவே கூடாது. செங்கல் நிறம், மெரூன், நாவற்பழ நிறம், காப்பிப்பொடியில் சிவப்புக் கலந்தது போன்ற நிறம் ஆகியவை நம் கறுப்பை எதிர்க்காமல் அதோடு இணங்கிப் போகின்றன. இதை நான் பல குழல்களைக் கண்ணாடி முன் பூசித் துடைத்துத்தான் தெரிந்துகொண்டேன். மெழுகுக் குழலாக இருந்தால் ஒரு பூச்சு பூசி, துணியில் ஒற்றி, மறுபடி பூசினால் நிற்கும். மேட் என்று விற்கும் நீர்ச்சாயம் உலர்ந்து ஒட்டிக்கொள்வதால் காப்பி குடித்தாலும் போகாது, ஆனால் எண்ணெய் மிதக்கும் வற்றல்குழம்பின் முன் தோற்றுவிடும். உதட்டுத் தோல் மிக மெல்லியது, வியர்வைச் சுரப்பி இல்லாதது. ஆகவே இரவில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டுப் படுப்பது உத்தமம்.

கதவைத் தாழிட்டுக்கொண்டு கண்ணாடி முன் ஒரு பெண் சிவப்பைப் பூசிப் பார்த்துத் துடைத்துவிடுகிறாளே, அந்தச் செயலை அற்பமானது என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அவளுடைய புடவையின் நிறத்தை வீட்டார் பார்த்து எடுத்தார்கள்; தாலிக்கொடியின் கனத்தைச் சம்பந்திகள் பேசி முடித்தார்கள்; நெற்றியில் இடுவது இன்னது, இன்ன நாளில் இடலாகாது என்பதையும் ஊர் விதித்தது. அறுபது எழுபது ரூபாயில் வாங்கிய அந்தக் குழலின் நிறம் ஒன்றுதான் எவரையும் கேட்காமல் அவள் தேர்ந்தெடுத்தது. தேர்ந்தெடுத்தது சரியில்லை என்று தோன்றினால் மாற்றிக்கொள்ளும் உரிமையும் அதோடு சேர்ந்து கிடைக்கிறது.

காலத்தின் கணக்கிலும் இரண்டு வண்ணங்களும் வேறுபட்டவை. உதட்டில் பூசியது அன்று மாலைக்குள் தீர்ந்துவிடுகிறது. நாளைக்கு வேண்டாம் என்றால் வேண்டாம். தலைச்சாயமோ, தொடங்கியவரை எளிதில் விடுவதில்லை. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. மூன்று நான்கு வாரத்தில் வகிட்டில் வெள்ளைக் கோடு தெரிந்து, மறைத்ததையே சுட்டிக்காட்டத் தொடங்குகிறது. நிறுத்த நினைப்பவர் மாதக்கணக்கில் இரண்டு நிறத் தலையோடு நடமாடத் துணியவேண்டும். 2020இல் ஊரடங்கு வந்து கடைகளும் பார்லர்களும் மூடிக்கிடந்தபோது, வெளியே போக வேண்டாத அந்த அவகாசத்தில்தான் பலருக்குத் தம் தலையின் மெய்யான நிறம் பல ஆண்டுகளுக்குப் பின் தெரிய வந்தது.

என் பெரியம்மா மகளும் அவர்களில் ஒருத்தி. அரசாங்க அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதிய காலம் முழுவதும் தவறாமல் டை அடித்துக்கொண்டவள், அந்த ஆண்டில் நிறுத்தினாள். கறுப்பு நுனிகளை வெட்டி வெட்டிக் குட்டை முடியாக்கி, ஓய்வு பெறும்போது முழு வெள்ளையாக வெளியே வந்தாள். அதற்கும் சில மாதம் கழித்து, மருமகள் வைத்துப்போன ஒரு குழலை எடுத்துப் பூசிப் பார்த்து, அவள் வாழ்நாளில் முதல் முறையாக லிப்ஸ்டிக்கோடு ஒரு கல்யாணத்துக்கு வந்தாள். அத்தனை வருஷம் அவள் தலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாத உறவினர்கள், அன்று பந்தியில் இரண்டு கேள்வி கேட்டார்கள்: முடியை ஏன் இப்படி விட்டுவிட்டாய், இந்த வயதில் உதட்டுக்கு என்ன வந்தது? "விட்டதும் எனக்குப் பிடிச்சுத்தான், போட்டதும் எனக்குப் பிடிச்சுத்தான் சித்தி" என்று சொல்லிவிட்டு அவள் பாயசத்தைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். வெள்ளை முடி வந்த பிறகு முகத்துக்குப் பொருந்தும் நிறமும் மாறிவிடுகிறது என்பதை அவளோடு உட்கார்ந்து பார்த்துத்தான் நான் அறிந்தேன். முகத்தைச் சுற்றியிருந்த கறுப்புச் சட்டம் போனதும் ஆழ்ந்த மெரூன் சற்றுக் கடுமையாகத் தெரிகிறது, செங்கல் சிவப்பு முகத்தைப் பிரகாசமாக்குகிறது. சித்திக்கு மாத்திரம் இதில் சம்மதமில்லை. போடுவதென்று ஆனபின் மெரூனே போட்டிருக்கலாம் என்று அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.